ஊசியின் அளவு: நீரிழிவு கண்ட குழந்தையின் பெற்றோருக்கு



எட்டு வயது மகளுக்கு நீரிழிவு என்று மருத்துவர் கூறிவிட்டார் என்றும், மருத்துவமனையிலிருந்து இல்லம் திரும்பி மூன்று வாரங்களே ஆகின்றன என்றும் ஒரு தாய் நமக்கு எழுதியிருக்கிறார். நாளொன்றுக்கு நான்கு முறை இன்சுலின் ஊசி போடவேண்டும். “அளவு கூடினால் பிள்ளை மயங்கி விழுவாளோ, குறைந்தால் மீண்டும் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓட நேருமோ என்று அஞ்சியே ஒவ்வொரு முறையும் ஊசியைக் கையில் எடுக்கிறேன்” என்பன அவர் எழுதிய சொற்கள். அவரது மாமியாரோ, இத்தனை சிறிய பிள்ளைக்கு ஊசி எதற்கு, கசாயம் கொடுத்தால் போதாதா என்று நாள்தோறும் கேட்கிறாராம்.

தாயின் அச்சம் நியாயமானதே. மற்ற மருந்துகளை மருத்துவர் சொன்னபடி கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது. இன்சுலின் அப்படிப்பட்டதன்று. அன்றைய உணவு, ஓடியாடிய விளையாட்டு, உடலில் காணும் காய்ச்சல் ஆகியவற்றிற்கேற்ப அதன் தேவை மாறிக்கொண்டே இருக்கிறது. மருத்துவர் வழி காட்டுவார். வேளைக்கு வேளை அளந்து போடுகிறவர் தாயோ தந்தையோதான். ஆதலால் அந்த அளவின் பின்னேயுள்ள கணக்கை அறிந்துகொள்வது அவசியம். அறிந்தவரின் கை அவ்வளவாக நடுங்குவதில்லை.

முதலில் மாமியாரின் ஐயத்தைத் தீர்ப்போம். பெரியவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதில் வரும் நீரிழிவும் குழந்தைக்கு வந்துள்ள முதல் வகை நீரிழிவும் பெயரால் ஒன்றாயினும் தன்மையால் வேறானவை. முதல் வகையில், நோயை எதிர்க்கவேண்டிய உடலின் காவற்படையே வழி தவறிக் கணையத்திலுள்ள பீட்டா அணுக்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இன்சுலினைச் சுரக்கும் அணுக்கள் அவையே. அவை அழிந்தபின் மாத்திரையோ கசாயமோ அவற்றின் வேலையைச் செய்ய இயலாது. குழந்தை இனிப்புத் தின்றதாலோ, தாய் கருவுற்றிருந்தபோது உண்ட உணவாலோ, எவர் கண் பட்டதாலோ இந்நோய் வருவதில்லை. ஆகவே வீட்டில் எவரும் எவரையும் குறை கூறவேண்டியதில்லை.

இன்சுலின் கண்டறியப்படும்வரை இந்நோய் வந்த பிள்ளைகள் உணவை ஒடுக்கிப் பட்டினி கிடந்து சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ உயிரைத் தக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பேன்டிங், பெஸ்ட், காலிப், மெக்லியட் ஆகியோரின் உழைப்பால் கணையச் சாறு பிரித்தெடுக்கப்பட்டு, 1922-ஆம் ஆண்டு சனவரியில் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி வழி செலுத்தப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. சாற்றைத் தூய்மைப்படுத்திப் பன்னிரண்டு நாள்கள் கழித்துச் செலுத்தியபோது சிறுவன் தேறினான். மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். ‘இத்தனை சிறிய பிள்ளைக்கு ஊசியா?’ என்று கேட்போருக்கு, அந்த ஊசி இல்லாத காலத்தில் நடந்ததை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி ஊசியைப் பற்றி. இன்சுலினில் இரண்டு வேலைகளுக்கு இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, உண்ணாமல் உறங்கும் நேரத்திலும் உடலுக்குத் தேவைப்படும் அடிப்படை இன்சுலின். கிளார்ஜின் போன்றவை ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் சீராக வேலை செய்யும். வெண்மையாகக் கலங்கித் தோன்றும் என்.பி.எச். அத்துணை சீரானதன்று, நடுவில் ஓர் உச்சம் உண்டு. மற்றொன்று, உணவுக்காகப் போடும் விரைவு இன்சுலின். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் ஆகியவை கால் மணி நேரத்திற்குள் வேலையைத் தொடங்கி மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பழைய ரெகுலர் இன்சுலின் தொடங்குவதற்கே அரை மணி நேரம் ஆகும். எனவே அதனைப் போட்டு அரை மணி கழித்தே உணவு தரவேண்டும். உங்கள் குழந்தைக்குத் தரப்பட்டிருப்பது எது என்று பெயரோடு அறிந்துவைத்திருங்கள். ‘காலையில் ஒரு ஊசி, இரவில் ஒரு ஊசி’ என்று மட்டும் அறிந்திருப்பது போதாது.

நம் நாட்டுப் பெற்றோருக்கு நான் எல்லாவற்றினும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. இந்தியாவில் இன்சுலின் பெரும்பாலும் இரு செறிவுகளில் விற்கப்படுகிறது. குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட். பேனாவில் இடும் குழல்களில் வருவது ஒரு மில்லி லிட்டருக்கு 100 யூனிட். 100 செறிவுள்ள குப்பிகளும் கடைகளில் உண்டு. அதற்கேற்ப ஊசிக்குழல்களும் இரண்டு. 40-க்குரியது பெரும்பாலும் சிவப்பு மூடியோடும், 100-க்குரியது ஆரஞ்சு நிற மூடியோடும் வரும். மருந்தும் ஊசியும் மாறிவிட்டால் நேர்வதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 40-க்குரிய ஊசியில் 10 என்னும் கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது கால் மில்லி லிட்டர். மருந்து 40 செறிவாயின் அது 10 யூனிட். மருந்து 100 செறிவாயின் அதுவே 25 யூனிட்! பத்துக்கு மாறாக இருபத்தைந்து யூனிட் ஏறிய குழந்தை சிறிது நேரத்தில் நினைவிழக்கக்கூடும். மறுபுறம், 40 செறிவுள்ள மருந்தை 100-க்குரிய ஊசியில் 10 கோடுவரை இழுத்தால் கிடைப்பது 4 யூனிட்டே. சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், காரணமும் புலப்படாது.

கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான், கொண்டு போங்கள்” என்று கூறினாலும் ஏற்காதீர்கள். மூடியின் நிறத்தையும் முழுமையாக நம்பாதீர்கள். குப்பியின் மேலுள்ள எண்ணும் ஊசியின் மேலுள்ள எண்ணும் ஒன்றா என்று வாங்கும்போதே படித்துப் பாருங்கள்; புதுக் குப்பியைத் திறக்கும்போது மற்றொரு முறை பாருங்கள். பேனாவின் குழலிலிருந்து ஊசிக்குழலால் மருந்தை உறிஞ்சி எடுக்கும் பழக்கம் சில இல்லங்களில் உண்டு. அது அறவே கூடாது.

கலங்கிய இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டவேண்டும். தெளிந்ததையும் கலங்கியதையும் ஒரே ஊசியில் எடுக்குமாறு மருத்துவர் சொல்லியிருந்தால், தெளிந்ததை முதலில் எடுங்கள். கிளார்ஜினை வேறு எதனோடும் கலத்தல் ஆகாது. வயிறு, தொடை, புட்டம், மேற்கை என இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். பிள்ளைக்கு ஓரிடம் பழகி வலி தெரியாமல் போனதும் “இங்கேயே போடுங்கள் அம்மா” என்று கெஞ்சும். அவ்விடம் தடித்துக் கட்டியாகிவிட்டால் மருந்து சரிவர இரத்தத்தில் சேராது. அளவு சரியாயிருந்தும் சர்க்கரை ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும்.

திறக்காத குப்பிகளைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். உறைபனி அறையில் வைத்தல் ஆகாது. உறைந்துபோன இன்சுலின் உருகியபின்னும் பயன்படாது. திறந்து பயன்படுத்துகின்ற குப்பி குளிர்ந்த அறையில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் கெடாதிருக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத இல்லங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நீர் புகாத சிறு டப்பாவில் குப்பியை இட்டு, அதனைச் சிறு மண்கலத்தில் வைத்து, அக்கலத்தை ஈர மணலிட்ட பெரிய மண்பானைக்குள் நிழலில் வைத்தால், நம் பாட்டிமார் தண்ணீரைக் குளிரவைத்த அதே முறை மருந்தையும் காக்கும். மணல் உலராதவாறு பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது கணக்குக்கு வருவோம். குழந்தைக்கு ஒரு நாளில் மொத்தம் எத்தனை யூனிட் என்பதை அதன் எடையைக் கொண்டே மருத்துவர் தொடங்குவார். பருவமெய்தாத குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.7 முதல் 1 யூனிட்வரை பொதுவாகத் தேவைப்படும். பூப்படையும் பருவத்தில் அது 1 யூனிட்டையும் கடந்து செல்லும். 25 கிலோ எடையுள்ள சிறுமிக்கு நாளொன்றுக்கு 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இதில் ஏறத்தாழப் பாதி அல்லது அதற்கும் சற்றுக் குறைவானது அடிப்படை இன்சுலினாகவும், எஞ்சியது உணவு வேளைகளுக்குமாகப் பிரிக்கப்படும்.

உணவுக்குரிய அளவை அறிய மருத்துவர்கள் ஒரு வகுத்தல் கணக்கைக் கையாள்கிறார்கள். 500 என்னும் எண்ணை நாளின் மொத்த யூனிட்டால் வகுத்தால், ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்பது தெரியும். நம் எடுத்துக்காட்டில் 500-ஐ 20-ஆல் வகுக்க 25 கிராம். அவ்வாறே, விரைவு இன்சுலினுக்கு 1800-ஐ 20-ஆல் வகுத்தால் 90 வரும். அதாவது ஒரு யூனிட் இரத்தச் சர்க்கரையை ஏறத்தாழ 90 புள்ளிகள் இறக்கும். இரவு உணவுக்கு முன் சோதித்தபோது சிறுமிக்குச் சர்க்கரை 210. நாம் விரும்புவது 120. உண்ணப்போவது நான்கு இட்லிகள், ஒரு தம்ளர் பால். நடுத்தர இட்லி ஒன்றுக்கு 10 கிராம் மாவுச்சத்து, சர்க்கரை இடாத 200 மில்லி பாலுக்கு 10 கிராம். ஆக 50 கிராம். அதற்கு 2 யூனிட். கூடுதலாயிருக்கும் 90 புள்ளிகளுக்கு 1 யூனிட். மொத்தம் 3 யூனிட்.

இது எடுத்துக்காட்டே அன்றி எவருக்கும் எழுதித் தந்த மருந்துச் சீட்டன்று. இவ்வெண்கள் தொடக்கத்திற்கு மட்டும் உதவுபவை. பல குழந்தைகளுக்குக் காலை உணவுக்கு இதனினும் கூடுதலாக வேண்டியிருக்கும். உங்கள் குழந்தைக்குரிய இரண்டு எண்களையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி, சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். 30/70 எனப்படும் கலவை இன்சுலினைக் காலையும் இரவும் போடும் குழந்தைகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. அதில் உணவுக்குரிய பங்கைத் தனியே கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. உணவையே ஊசிக்கேற்ப நேரம் தவறாமல் அளந்து தரவேண்டும்.

மாவுச்சத்தைக் கணக்கிட ஒரு சிறு தராசு வாங்கிக்கொண்டால் போதும். சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. உங்கள் வீட்டுக் கரண்டி ஒன்றில் எத்தனை கிராம் சோறு அள்ள வருகிறது என்று ஒரே ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். பிறகு கரண்டியே தராசாகிவிடும். குழந்தைக்கெனத் தனிச் சமையல் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். வளரும் பிள்ளை வயிறார உண்ணவேண்டும். உண்பதற்கேற்ப ஊசி இருக்கவேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஊசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்து, ‘இன்னும் இறங்கவில்லையே’ என்று பதறி மறுபடியும் ஊசி போடாதீர்கள். முதல் ஊசியின் வேலை இன்னும் முடிந்திருக்காது. இரண்டும் சேர்ந்து நள்ளிரவில் குழந்தையைக் கீழே தள்ளிவிடும். அடுத்து, ஒரு நாள் கண்ட ஓர் எண்ணைக் கொண்டு வழக்கமான அளவை மாற்றாதீர்கள். மூன்று நாள்கள் தொடர்ந்து அதே வேளையில் சர்க்கரை கூடியிருந்தால், அவ்வேளைக்குரிய இன்சுலினைப் பத்தில் ஒரு பங்கு கூட்டுவது வழக்கம். தொடக்கத்தில் இதனையும் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டே செய்யுங்கள். காலையில் மட்டும் சர்க்கரை உயர்ந்திருந்தால், இரவு ஊசியைக் கூட்டுமுன் இரண்டொரு நாள் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து சோதித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகம் தேவை. நாள், நேரம், சர்க்கரையின் எண், உண்டது, போட்ட யூனிட், போட்ட இடம், அன்று ஓடியாடியது. நான்கு வேளை உணவுக்கு முன்னும் படுக்குமுன்னும் சோதித்து எழுதவேண்டும். சோதனை ஸ்ட்ரிப்புகளின் விலை ஏழை இல்லங்களுக்குப் பெருஞ்சுமை என்பதை அறிவோம். எல்லா வேளையும் இயலாதவர்கள் இன்று காலையும் மாலையும், நாளை நண்பகலும் இரவும் என்று மாற்றி மாற்றிச் சோதித்தால், ஒரே வேளையை நாள்தோறும் சோதிப்பதைவிடக் கூடுதலாக அறியலாம். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகத் தரப்படுகிறது; கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதால் என்ன பயன் என்று சோர்ந்து போகிறவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் வெளியான பேராய்வு, கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களிடையே கண்ணின் விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உடனே கவனிக்கவேண்டும். வியர்வை, நடுக்கம், கடும் பசி, காரணமற்ற அழுகை அல்லது கோபம் ஆகியவை அறிகுறிகள். ‘இன்று இவள் ஏன் இப்படி அடம்பிடிக்கிறாள்?’ என்று தோன்றும்போது அடிக்குமுன் விரலில் சோதித்துப் பாருங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை போதும். 25 கிலோ குழந்தைக்கு இரண்டு தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். சாக்லெட்டு வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். கால் மணி கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருத்துவர் குளுக்ககான் ஊசி தந்திருந்தால் அதனைப் போட்டு, 108-ஐ அழையுங்கள்.

காய்ச்சல் நாள்களில்தான் மிகுதியான பிழை நேர்கிறது. ‘குழந்தை ஒன்றும் சாப்பிடவில்லை, ஆகவே ஊசி போடவில்லை’ என்று கூறிக்கொண்டு, மூச்சு வாங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்து வரும் பெற்றோர் இன்றும் உண்டு. உண்ணாவிட்டாலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தலாகாது. காய்ச்சலின்போது உடலுக்குக் கூடுதல் இன்சுலினே தேவைப்படும். அது கிடைக்காதபோது உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்னும் அமிலத்தை இரத்தத்தில் நிறைத்துவிடும். மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை சோதியுங்கள். சிறுகச் சிறுக நீர் பருகத் தாருங்கள். சர்க்கரை 250-ஐத் தாண்டினால் சிறுநீரில் கீட்டோனைச் சோதியுங்கள். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த பெருமூச்சு, பழம் அழுகியது போன்ற வாய்மணம் ஆகியவை தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

இதனினும் நுட்பமான ஓர் ஆபத்து உண்டு. ஊசி தொடங்கிய சில வாரங்களில் எஞ்சியிருக்கும் பீட்டா அணுக்கள் சற்று இளைப்பாறித் தலைதூக்கும். 20 யூனிட் தேவைப்பட்ட குழந்தைக்கு எட்டு, ஐந்து, சில வேளை இரண்டு யூனிட்டே போதுமானதாகிவிடும். மருத்துவர்கள் இதனைத் தேனிலவுக் காலம் என்பர்; சில மாதங்கள், அரிதாக ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். அப்போது குழந்தை குடித்துக்கொண்டிருந்த கசாயமோ, வாங்கித் தந்த பொடியோ நோயைக் குணமாக்கிவிட்டது என்று வீட்டார் நம்பி ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். செபக் கூட்டத்திற்குச் சென்று வந்த இல்லங்களிலும் இது நேர்வதுண்டு. செபிப்பதை எவரும் தடுக்கவில்லை; ஊசியைப் போட்டுவிட்டே செபிக்கலாம். இக்காலத்தில் அளவைக் குறைப்பது சரி. முற்றும் நிறுத்துவது உயிருக்கே கேடு. அந்த அணுக்கள் சில மாதங்களில் ஓய்ந்துவிடும். சர்க்கரை திரும்பவும் ஏறும்.

கோவில் சார்ந்த சில ஐயங்களையும் அத்தாய் கேட்டிருக்கிறார். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களையே கட்டுப்படுத்தும். குழந்தைக்குத் தவக்காலத்திலும் உணவைக் குறைக்கவேண்டாம். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கவேண்டும் என்னும் விதியிலிருந்து நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பே விலக்களித்திருக்கிறது. திருப்பலியின் நடுவில் குழந்தைக்கு நடுக்கம் கண்டால் குளுக்கோஸைக் கொடுத்துவிட்டு, அவள் தேறியதும் நன்மை வாங்க அனுப்பலாம். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வதாயிருந்தால், நெடுநேர நடை சர்க்கரையை அன்றிரவுவரை இறக்கிக்கொண்டிருக்கும். இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுச் செல்லாதீர்கள்.

பள்ளியைப் பொறுத்தவரை, வகுப்பாசிரியரையும் தலைமையாசிரியரையும் நேரில் கண்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: நோயின் பெயர், சர்க்கரை தாழ்ந்தால் தோன்றும் அறிகுறிகள், கொடுக்கவேண்டியது என்ன, அழைக்கவேண்டிய தொலைபேசி எண்கள். பைக்குள் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். கேட்டவுடன் சிறுநீர் கழிக்கவும் தண்ணீர் பருகவும் அனுமதிக்குமாறு வேண்டிக்கொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், நீரிழிவுள்ள மாணவர்கள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல இசைவு தந்தது. வேறு பாடத்திட்டத்தில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே மருத்துவரின் சான்றிதழோடு தலைமையாசிரியரிடம் விண்ணப்பித்துவிடுங்கள். உடற்பயிற்சி வகுப்பு எந்தக் கிழமை, எந்த நேரம் என்பதையும் கேட்டு, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாளில் காலை ஊசியின் அளவு வேறாக இருக்கலாம்.